பற்றரியில் பிழையில்லை

அம்மருட், ஒஸ்லோ
8.2.2025

அன்பின் குகநேசனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத் தொடங்கி, அந்த வரியை வெட்டிவிட்டு மறுபடி எழுதுகிறேன். வடக்கே துறொம்சோவில் இருக்கும் உன் முகவரியைச் சங்கத்துப் பாக்கியராசா அண்ணரிடம் கெஞ்சி வாங்கினேன். அங்கேயும் மின்வேலைதான் செய்கிறாய் என்று சொன்னார். அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

முதலில் மகள் ராகவியின் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் தேடுவாய். வலது உள்ளங்கையில் தோல் ஒட்டியிருக்கிறார்கள். கடைசி இரண்டு விரல்களும் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. ஆனாலும் பேனா பிடிக்கிறாள். பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்தில் கூடுதல் நேரம் தந்திருக்கிறார்கள். என் தொடைக் காயம் ஆறிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சிகரெட்டை விட்டுவிட்டு நாம் இருவரும் மின்சிகரெட்டுக்கு மாறிய நாட்களில், எங்கள் குசினி மேசையில் இருந்து நீ எனக்குப் பற்றரி தெரிவு செய்து தந்தாய். இணையத்தில் மலிவாகக் கிடந்த ஒன்றை நான் காட்டியபோது, “உறையிலை அடிச்சிருக்கிற நம்பரை நம்பாதை. ஆர் செய்தது, எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் எண்டு பாத்துத்தான் வாங்கவேணும்” என்றாய். நல்ல நிறுவனத்தின் பற்றரிகளை இரண்டு சோடி நீயே எடுத்துத் தந்து, கையில் கொண்டுபோவதற்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் தந்தாய். பிறகு ஒன்றின் உறை ஓரத்தில் கிழிந்ததைக் கண்டு, “கொண்டு வா, புது உறை போட்டுத் தாறன். கிழிஞ்ச இடத்திலை இரும்பு ஏதும் பட்டா நெருப்பெடுக்கும். அதுவரைக்கும் பாவிக்காதை” என்றும் சொன்னாய். நான் கொண்டுவரவில்லை.

ஒக்டோபரில் அந்தச் சனிக்கிழமை ராகவியையும் கூட்டிக்கொண்டு குறொன்லாண்ட் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனேன். அவசரத்தில், அந்த உறை கிழிந்த பற்றரியைத்தான் எடுத்து ஜாக்கெற் பொக்கற்றுக்குள் போட்டேன். பெட்டி வீட்டில் இருந்தது. அதே பொக்கற்றுக்குள் வீட்டுத் திறப்புகளும் சாவிவளையத்தோடு கிடந்தன.

திரும்பி வரும்போது ரயிலில் ஜாக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். சீறுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு நெருப்பு. நான் விறைத்துப்போனேன், குகன். அவள்தான் கையை விட்டு அதை இழுத்து நிலத்தில் எறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் மனைவி தங்கேஸ்வரி, அந்தப் பற்றரி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். “குகன் தந்தது” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லோடு வாயை மூடிக்கொண்டேன். என் பிள்ளையின் கையை எரித்தது நான்தான் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் நீ கேட்டாய்: “அந்தப் பெட்டிக்குள்ளை தானே வைச்சிருந்தனி?” நான் ஓம் என்றேன்.

அந்த ஒரு ஓமுக்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ராகவியைப் பார்க்க வந்த உன்னைத் தங்கேஸ்வரி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். சனம் உன்னை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. தீபாவளி விருந்தில் நீ தனியே இருந்து சாப்பிட்டதை அடுத்த மேசையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒஸ்லோவை விட்டுப் போனபோது எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை.

போன ஞாயிறு, ராகவியின் கைக்கு மருந்து பூசும்போது தங்கேஸ்வரி வழக்கம்போல உன்னைத் திட்டினாள். ராகவி கையை இழுத்துக்கொண்டாள். “அம்மா, குகன் மாமாவைப் பேசாதேங்கோ. பொக்கற்றுக்குள்ளை அப்பான்ரை திறப்பும் கிடந்தது. என்ரை கையிலை ஒட்டினது திறப்புத்தான்” என்றாள். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று தாய் கேட்டாள். “அப்பா சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

பதினாறு வயதுப் பிள்ளை. நாலு மாதம் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

அன்றிரவே தங்கேஸ்வரியிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். மூன்றாம் நாள், “என்னட்டைச் சொன்னது காணாது, சனத்துக்கும் சொல்லவேணும்” என்று மட்டும் சொன்னாள். நேற்று சங்கக் கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, பெட்டி, கிழிந்த உறை, திறப்பு, உனக்குச் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியராசா அண்ணர், “இதைச் சொல்ல உமக்கு நாலு மாசமோ?” என்று கேட்டார். அங்கேயேதான் அவரிடம் உன் முகவரியைக் கேட்டேன்.

நீ தெரிவு செய்து தந்த பற்றரியில் பிழையில்லை, குகன். உன் கையிலும் பிழையில்லை. உன்னால் ஒரு பிள்ளையின் கை எரிந்துபோனது என்ற நினைப்போடு இனி ஒரு நாளும் நீ படுக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ராகவிக்கு இந்த மாதம் 26ஆம் திகதி இன்னொரு சத்திரசிகிச்சை இருக்கிறது. அதற்கு முன் உன்னோடு கதைக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுத்துக் கொஞ்சம் சரிந்திருக்கும், பார்த்து வாசி. நீ அந்த எண்ணுக்கு எடுக்கும்போது நான் அந்த அறையில் இருக்கமாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்க இன்னும் துணிவில்லாத,
ஆனந்தராஜா