பவ்யத்துக்கு ஒரு மாடிப்படி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது தனிக்கட்சி ஆரம்பிக்கிறது. நீ நலமா என்று வழக்கமாக அடுத்த வரியில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கொஞ்ச நாளாகவே போனில் உன் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை, நீ எதையோ மறைக்கிறாய் என்று உள்ளே ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது, அது என்னவென்று இந்த வாரம் தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய், அதில் நீ கெட்டிக்காரன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய செய்தி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அம்மா டிவியில் வரப் போகிறாள். முகம் வராது, குரல் மட்டும்தான், ஆனாலும் வருகிறேன் இல்லையா. ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற இடத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி இரண்டு நாளாக என்னை ஸ்டார் என்றுதான் கூப்பிடுகிறாள், எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருக்கிறது.

நீ சின்னப் பையனாக இருந்தபோது வாரா வாரம் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போமே அந்தக் குடும்ப நகைச்சுவைத் தொடர், அதைப் புது ஆட்களை வைத்துத் திரும்ப எடுக்கிறார்கள். அதில் பவ்யம் என்று ஒருவன் வருவான் ஞாபகம் இருக்கிறதா, வீட்டுப் பையனின் சிநேகிதன். உள்ளே வரும்போதே கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கலர் உங்களுக்கு எவ்வளவு எடுப்பா இருக்குங்கம்மா என்பான், சார் மாதிரி ஒருத்தரை இந்தக் காலத்துல எங்க பார்க்க முடியும் என்பான், அந்த அப்பாவும் அம்மாவும் உருகிப் போய் நிற்பார்கள். மாடிக்குப் போனதும் கதவை ஒரு உதை விட்டு, டேய் மாங்கா எந்திரிடா, உங்கப்பன் ஸ்கூட்டர் சாவி எங்க இருக்கு என்பான். யோசனை எல்லாம் அவனுடையது, மாட்டிக்கொள்வது மட்டும் அந்த வீட்டுப் பையன். நீ அவனைப் பார்த்து அப்படிச் சிரிப்பாய், நான் அவன் முதுகில் நாலு வைக்க வேண்டும் என்று பல்லைக் கடிப்பேன்.

செட்டுக்குப் பழைய நாற்காலி தேடி அவர்கள் அப்பாவின் மரக்கடைக்கு வந்திருக்கிறார்கள். அப்பா சும்மா இருப்பாரா, இதே மாதிரி இன்னும் ரெண்டு எங்க வீட்டுல கிடக்கு வாங்க என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், வந்தவர்கள் நாற்காலியைப் பார்க்கவே இல்லை, நம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த டைரக்டர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், எந்நேரமும் வாயில் ஒரு பென்சில். அவள் சொல்கிறாள், ஆன்ட்டி, இந்தத் தொடருக்கே உயிர் மாடிப்படிதான், கீழே நிக்கிற வரைக்கும் அவன் நல்லவன், மூணாவது படி ஏறும்போது மூஞ்சி மாறணும், உங்க படி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல சரியா அமைஞ்சிருக்கு, எங்களுக்கு வேற வீடே வேண்டாம் என்று. இத்தனை வருஷம் அந்தப் படியில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி அலுத்திருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு அருமை இருக்கிறது என்று யார் கண்டார்கள்.

படப்பிடிப்பு அன்று காலை நம் வீட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஹால் பூராவும் ஒயர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, உன் அறையில் மேக்கப், குளியலறையில் சவுண்டுக்காரர் தலைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாளி மேல் உட்கார்ந்திருக்கிறார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார், எதற்கு என்று கேட்டால், நாற்காலி ஆடினா நான்தானே பார்க்கணும் என்கிறார். தெருவே வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு டெய்லர் மனைவி என்னிடம் வந்து, உங்க வீட்டை எடுத்தது ரொம்பப் பொருத்தம் என்றாள். என்ன பொருத்தம் என்றேன். உங்க பையன் எங்க வீட்டுக்குப் பவ்யம்தானே, கையைக் கட்டிக்கிட்டு, உங்க மெஷின் ஓடுற சத்தமே பாட்டு மாதிரி இருக்கு அத்தைம்பான், நான் திரும்புறதுக்குள்ள எங்க பையனை மதில் மேல ஏத்தி விட்டிருப்பான் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அவள் பையனிடமிருந்து உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் எவ்வளவு பாடுபட்டிருப்பேன். ஊரார் பிள்ளையில் பவ்யத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், அது என் வீட்டிலேயே தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இப்போதைய பவ்யமாக நடிக்கிற தம்பி ஒல்லியாக, பார்க்க நன்றாக இருக்கிறான், தூரத்து ஊரிலிருந்து வந்தவனாம், முதல் வேலையாம். ஆனால் அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஒத்து வரவில்லை. கீழே நின்று குழைந்து பேசும்போது சிரிப்பு வரவில்லை, படி ஏறி முகத்தை மாற்றும்போது கோபமும் வரவில்லை, டைரக்டர் பெண் பென்சிலைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சாயந்திரத்துக்குள்ள இந்த சீன் நிக்கலைன்னா நான் வேற பையனைப் பார்க்க வேண்டியதுதான், தப்பா எடுத்துக்காதே என்று சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. சாப்பிடாமல் எழுந்து பின்வாசல் பக்கம் போனான். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று அவன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறான். நான் அமோகமா இருக்கேம்மா, எல்லாரும் என்னைத் தங்கமா பார்த்துக்கறாங்க, டைரக்டர் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, நீங்க நேரத்துக்கு சாப்பிடுங்க, மாத்திரையை விட்டுடாதீங்க என்றான். போனை வைத்தான், அப்படியே பின்வாசல் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன், ஏன் என்று கேள். அது உன் குரல். வார்த்தைக்கு வார்த்தை உன் குரல். ஆஸ்பத்திரி போனில் எத்தனையோ பேர் குரலைக் கேட்டு, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர்கள் வாயைத் திறக்கும்போதே கண்டுபிடிக்கிறவள் நான், பெற்ற பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறேன். நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதானே பேசுவாய். ஏம்மா உனக்கு வேற வேலையே இல்லையா, எப்பப் பார்த்தாலும் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு உயிரை வாங்குற என்று எரிந்து விழுவாய், எனக்கும் வயிறு நிறைந்துவிடும். அந்த நீ எப்போது நீங்க ஆனது? நீங்க சாப்பிட்டீங்களாம்மா, நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க, இங்க எல்லாம் பிரமாதமா போகுது. நானும் உள்ளே இருந்த உறுத்தலை அமுக்கிவிட்டு, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, மரியாதை வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, எதிர்வீட்டு அத்தையிடம் பேசுகிற குரலில் என்னிடம் பேசியிருக்கிறாய்.

இதை நினைத்துப் பொருமிக்கொண்டே சமையலறையில் நிற்கிறேன். வெளியே மறுபடியும் எடுக்கிறார்கள். அசையக் கூடாது, தும்மக் கூடாது என்று முதலிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா வேஷம் போடுகிறவர் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார், தம்பி கையைக் கட்டிக்கொண்டு, உங்களைப் பார்த்தாலே எனக்குப் பாதிக் கவலை போயிடுதுங்கம்மா, நீங்க நல்லா இருந்தா போதும், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படி ஏறுகிறான். அந்த ஒரு குறையும் இல்லை என்ற வார்த்தை என் காதில் விழுந்ததுதான் தெரியும். ஷூட்டிங் என்பதே எனக்கு மறந்து போயிற்று. உள்ளேயிருந்து உரக்கச் சொல்லிவிட்டேன், போதும்டா நடிப்பு, என்ன நடந்துச்சுன்னு சொல்லு, முதல்ல சாப்பிடு, சாப்பிட்டுட்டுச் சொல்லு என்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தம்பி மூன்றாவது படியில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான், பாதி மாறிய முகம் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது, சமையலறைப் பக்கம் திரும்பி, திருட்டு முழி முழித்து, சின்னக் குரலில், ரெண்டு முட்டை இருந்தா போதுங்கம்மா என்றான். அம்மா வேஷக்காரர் மடித்த துணியில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார், காமிராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார், குளியலறையிலிருந்து வாளி உருளுகிற சத்தம்.

டைரக்டர் பெண் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். தொலைந்தேன், இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன், அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி, இத்தனை வருஷமா அந்தத் தொடர்ல அந்த அம்மா ஏமாந்துட்டே இருக்காங்க, ஏமாறலைன்னா என்ன ஆகும்னு எங்க யாருக்குமே தோணலையே என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், எனக்கு வரவில்லை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது, அதனால் முதலில் சொன்னதையே வைத்துக்கொண்டார்கள். இனிமேல் அந்த வீட்டில் ஹாலில் ஏமாறுகிறது அப்பா மட்டும்தானாம், அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம், தெரிந்துகொண்டேதான் அவனுக்குச் சாப்பாடு போடுவாளாம், படி ஏறும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் வருமாம், அந்தக் குரல் என் குரல். அம்மா வேஷக்காரருக்கு வருத்தமோ என்று பயந்தேன், அவர் என் தோளில் தட்டி, என் வசனத்துல பாதி குறைஞ்சுதே, நீ நல்லா இரு என்றார். தம்பிக்கு வேலை நிலைத்தது. இரண்டு இல்லை, நாலு முட்டை சாப்பிட்டான்.

சாயந்திரம் எல்லாரும் போன பிறகு அப்பா நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், பையன் குரல் சரியில்லைங்க, எனக்கு மனசே கேட்கலை என்று. உடனே உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, கையைக் கட்டிக்கொண்டார். அவனுக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கான், நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே, இன்னிக்கு நீ பேசினது பிரமாதம் என்கிறார். முப்பது வருஷத்தில் என்னை ஒரு தடவை பிரமாதம் என்று சொல்லியிருப்பாரா அந்த மனுஷன். நான் அவரை ஒரு பார்வை பார்த்து, போதும் நடிப்பு, என்ன நடந்துச்சு, சொல்லுங்க என்றேன். மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நீ வேலை பார்த்த அச்சகத்தில் உன் பிரிவையே மூடிவிட்டதை, நீ அறையைக் காலி செய்துவிட்டு ஒரு சிநேகிதன் அறையில் ஒதுங்கியிருப்பதை, அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, பிரஷர் ஏறிடும் என்று நீ சத்தியம் வாங்கியதை. காலையில் குளித்து உடுத்திப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரி வெளியே போய், நூலகம் திறக்கும் வரை வாசலில் நிற்கிறாயாமே. அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. பிரஷர் ஏறவில்லை, மறுநாள் டியூட்டியில் நர்ஸைப் பிடித்துப் பார்த்தேன், எப்போதும் போலத்தான் இருக்கிறது. ஏறியது கோபம்தான், அதுவும் உங்கப்பா மேல், மூன்று பேர் இருக்கிற குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு எனக்கு நாடகம் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது கேள் ராஜா. போனது வேலை, நீ இல்லை. உன் கையில் தொழில் இருக்கிறது, நீ செய்த புத்தக அட்டைப் படத்தை அப்பா இன்னும் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். தேடு, கிடைக்கும், கிடைக்க நாளாகும் என்றால் ஆகட்டும். அங்கே இருந்துதான் தேட வேண்டும் என்றால் இரு, இங்கே வந்து தேடலாம் என்றால் வா, உன் அறையில் மேக்கப் பவுடர் வாசனைதான் இன்னும் போகவில்லை, மற்றபடி எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தச் சிநேகிதனுக்கு நான் நன்றி சொன்னேன் என்று சொல், அவன் அறையைப் பெருக்கிக் கொடு, ஓசியில் இருக்கிறவன் காலையில் படுத்துக் கிடக்கக் கூடாது. வெறும் டீயைக் குடித்துவிட்டு நூலகத்தில் போய் உட்காராதே, தலை சுற்றும். வேலை கிடைத்த பிறகு நல்ல செய்தியோடு அம்மாவைக் கூப்பிடலாம் என்று மட்டும் இருந்துவிடாதேடா, வேலை இல்லாத பிள்ளையோடும் பேச எனக்குத் தெரியும்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல பசியும் கொடுக்கட்டும், மற்றதை எல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். தொடர் அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் வருகிறது, சிநேகிதனையும் உட்கார வைத்துப் பார், மறந்துவிடாதே. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, அப்பா போனுக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
உன் மேல் துளிக்கூடக் கோபம் இல்லாத, உங்கப்பாவோடு இன்னும் பேசாமல் இருக்கிற,
அம்மா