அப்பா துப்பும் பினோ நுவார்

அன்பு மகன் வேல்ராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கச்சி அபியும் சுகம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். உங்க அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறார், அவரால் எனக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நின்று கேட்கிறார், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் வந்திருந்தபோது நீ அவரை அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கெல்லாம் கூட்டிப்போய் ஒயின் ருசி பார்க்கப் பழக்கி, பினோ நுவார் என்று சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் வேறு கொடுத்தனுப்பினாயே, போலீஸில் இருந்த காலம் முழுக்கச் சாராயத்தைத் தொடாத மனுஷனுக்கு இப்போது அதுதான் வேலை. சாயங்காலமானால் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து, வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டுப் புறவாசலில் போய்த் துப்புகிறார். பிறகு மார்க் போடுகிறார். முதல் நாள் குற்றாலத்து மங்குஸ்தான் வாசம் என்றார், மறுநாள் ஐந்தருவிப் பக்கம் சாரலில் நனைந்து மக்கிய இலை வாசம் என்றார், அப்புறம் புளிப்பு ஏறிவிட்டது, மார்க்கைக் குறைக்கணும் என்று முகம் வாடி உட்கார்ந்துவிட்டார். என் சாம்பாரைக்கூட மோந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறார், அதன் ருசி வாயில் நிற்கவில்லையாம்.

பின்வீட்டு வடிவம்மாள் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, எஸ்.ஐ. சார் குடிச்சிட்டு தினமும் வாந்தி எடுக்காரு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அபிக்கு இலத்தூரில் பார்த்த சம்பந்தம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளை குற்றாலீஸ்வரனை அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. அவர்கள் ஆள் விட்டு விசாரித்ததில் இது காதில் விழுந்து, மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தவள்ளி போன் போட்டு, குடிக்கிற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்க்கா என்று வைத்துவிட்டாள். அபி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், விழுங்கியாவது தொலைச்சிருந்தா இந்தப் பழி நியாயமா இருந்திருக்கும்லா என்று கத்திவிட்டேன்.

உங்க அப்பா உடனே சட்டையை மாட்டினார். மிச்சமிருந்த பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, நான் தடுக்கத் தடுக்க, கொட்டுகிற சாரலில் இலத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே வாசலில் நின்று கைகூப்பி, நான் குடிக்கலம்மா, ருசி பாத்துத் துப்புதேன், நீங்களே பாருங்க என்று ஆனந்தவள்ளி முன்னாலேயே கொப்பளித்துத் துப்பிக் காட்டியிருக்கிறார். அவள் புருஷன் இசக்கிப்பாண்டி பட்டாளத்தில் இருந்தவராச்சே, எனக்கும் கொஞ்சம் ஊத்தும் என்று வாங்கி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, என்னவே, இதையா துப்புதீரு என்றாராம். ஆனந்தவள்ளி புருஷனைத் திட்டிய திட்டில் இவர் நல்லவராகிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

நனைந்து திரும்பியவர் நேரே அபியின் கதவடியில் போய், ஏட்டி, தெற, அவுக வருதாக என்றார். யார் முன்னாலும் கைகூப்பி நின்றறியாத மனுஷன், மகளுக்காக நின்றுவிட்டு வந்திருக்கிறார். திட்டிக்கொண்டேதான் தலையைத் துவட்டிவிட்டேன். நிம்மதி என்று பார்த்தால், இப்போது இசக்கிப்பாண்டி போன் போட்டு அது நாவல்பழ ருசி என்கிறார், இவர் மங்குஸ்தான்தான் என்று கத்துகிறார். கல்யாண வேலையை யார் பார்ப்பது?

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. பெட்டியில் பாட்டில் இருந்தால் உன்னை வாசலிலேயே நிறுத்துவேன். நேரத்துக்குச் சாப்பிடு. குற்றாலநாதர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அபி கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக அண்ணன் நீ ஒருவன்தான், வந்து சேர்.

உன் அம்மா,
அனுசியா
தென்காசி