மார்கழியில் எடுத்த அளவு

மச்சான்,

வீட்டில் இன்று புது இலவம்பஞ்சு வாசனை. தெருவில் கிடந்த வளர்ந்த நாய் ஒன்றை என் மகள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு மெத்தை தைக்க வேண்டுமாம். பஞ்சை மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டு, "அளவு நீங்கதான் எடுக்கணும்ப்பா, உங்க வேலையே அதானே" என்று இன்ச் டேப்பை என் கையில் திணித்தாள். ஆபீஸுக்குப் போய்விட்டாள். டேப்பைப் பிடித்ததும் உன் சிரிப்புதான் முதலில் காதில் கேட்டது. எரிச்சலாக வந்தது.

ஆம்பூரிலிருந்து நீ பெட்டியோடு எங்கள் ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்தபோது பிரவுனி என் நாய். இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குட்டியாகக் கொண்டுவந்தவன் நான். பால் ஊற்றியவன் நான். ஊசி போடக் கூட்டிப்போய்க் கடி வாங்கியவனும் நான். நீ என் மனைவியின் தம்பி, பெங்களூரில் வேலை கிடைத்து, தனி வீடு பார்க்கும்வரை தங்க வந்தவன். அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் சிமெண்ட் தரையில் அது நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மெத்தை தைத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டால் அங்கேயே படுக்கும் என்று ஆசை. ஃபேக்டரியில் நாள் முழுக்க அளவு பார்க்கிறவன் நான். ஒரு நூல் கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். காலையில் அது தூங்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுப்பாமல் நீளமும் அகலமும் எடுத்தேன். அல்சூர் மார்க்கெட் மெத்தைக்கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "மகுவிகா சார்?" என்றார். குழந்தைக்கா என்று கேட்கிறார். "நாயிகே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மெத்தை கச்சிதமாக வந்தது. பிரவுனி அதில் சுற்றிச் சுற்றி வந்து சுருண்டு படுத்தது. ஒரு ரோமம்கூட வெளியே இல்லை. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீயும் வந்து எட்டிப் பார்த்தாய். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ.

பங்குனி வெயில் ஏறியதும்தான் விஷயம் வெளியே வந்தது. குளிரில் முறுக்கு மாதிரி கிடந்த நாய், வெக்கையில் கால்களை நீட்டிப் படுக்க ஆரம்பித்தது. தலை மெத்தையில், மீதி தரையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது எழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. நேராக ஹாலுக்குப் போய், தரையில் விரித்திருந்த உன் மெத்தையில் உன் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

நீ கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "மாமா, நாய அளந்தீங்க, சரி. குளிர்ல போய் அளந்தா எப்டி? சுருண்ட நாயத்தான அளந்துருக்கீங்க!"

"வாய மூடிட்டுத் தூங்குடா."

"நான் தூங்கிருவேன். இவதான் எடம் குடுக்க மாட்டேங்குறா."

பெரிதாக இன்னொரு மெத்தை தைத்தேன். பிஸ்கட் போட்டேன். என் ஸ்வெட்டரைக்கூட விரித்தேன். அது பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உன்னிடம் போனது. உன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசல் கேட்டுக்கு ஓடும். எனக்கு மரியாதைக்கு வாலை ஆட்டும். வயிறு எரிந்தது மச்சான். "ஒரு நாய்க்காக என் தம்பிகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சிட்டுத் திரியறீங்களே" என்று உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன், என்னடா சொக்குப்பொடி போட்டாய் என்று. "ஒண்ணுமில்ல மாமா. நீங்க கட்டில்ல இருந்துகிட்டு அவளக் கீழ பாக்குறீங்க. நான் கீழயே படுக்குறேன். அவ்ளோதான்" என்றாய். கேட்டதே தப்பு என்று தோன்றியது. தொம்மலூரில் உனக்கு அவசர அவசரமாக வீடு பார்த்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? ஆனாலும் நீ ஞாயிறு தவறாமல் வந்தாய். மற்ற நாளெல்லாம் அது வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

பிறகு, மழை பெய்த ஒரு சாயங்காலம், நீ எங்கள் வீட்டுக்கு வரும் வழியில், பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு லாரி. அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு பிரவுனி என் அறைக்கு வந்தது. பெரிய மெத்தையில் ஏறியது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் அது சுவரோரம் ஒடுங்கிப் படுத்தது. பக்கத்தில் உன் உடம்பு அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. நான் கட்டிலிலிருந்து இறங்கி அந்த இடத்தில் படுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டது. பிரவுனி சாகும்வரை அந்த இடத்தை எனக்குத் தரவே இல்லை. செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கொடுமை தெரியுமா? சண்டை போடக்கூட ஆள் இல்லை.

இன்றும் குளிர்தான். புது நாய் மூலையில் சுருண்டு கிடக்கிறது. "அளந்தாச்சாப்பா?" என்று மகள் ஃபோன் செய்தாள்.

"வெயில் வரட்டும்மா. கால நீட்டட்டும்."

"அதுவரைக்கும்?"

"என் போர்வை இருக்கு."

நாயின் அளவோடு ஓர் ஆள் படுக்கிற அளவையும் சேர்க்கப் போகிறேன். அந்த ஆள் நான்தான். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு இன்று மத்தியானமே தரையில் படுத்துப் பார்த்தேன். சற்று நேரத்தில் அது வந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்கிப்போனது. இந்த நாய்க்கு உன்னைத் தெரியாது மச்சான். போட்டிக்கு ஆளே இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நான்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.