மிச்சக் குளிசை

மாசி 11, 1986. செவ்வாய். விபோர்க், டென்மார்க்.

குஞ்சு, இண்டைக்கும் பனி. யன்னல் இறுகிப்போய்க் கிடக்கு. உன்ரை அப்பா டெனிஸ் வகுப்புக்குப் போட்டார்.

எனக்கு இருமல், காய்ச்சல். மேல்வீட்டு றோசலின் அக்கா டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவ. டெனிசிலை கதைச்சதும் அவதான். நிமோனியாவாம். பெனிசிலின் குளிசை. காலமை, மத்தியானம், இரவு. சாப்பிட முன்னம். முந்தி இந்த மருந்துக்கு மேல் தடிச்சு அரிச்சதோ எண்டு டொக்டர் கேட்டார். இல்லை. போத்தில் முடியுமட்டும் போடட்டாம்.

"வெறும் வயித்திலையோ அக்கா? குடல் வெந்துபோகும்."

"அந்தாளுக்குத் தெரியாத குடலோ உம்மடை குடல்? பேசாமல் வாரும்."

பால், வெங்காயம், பல்ப் வாங்க வேணும்.

மாசி 14. வெள்ளி.

வேர்த்துக் கொட்டினது. காய்ச்சல் இல்லை. கஞ்சி இறங்கிச்சுது. வயித்தாலை கொஞ்சம் போகுது, குளிசையாலையாக்கும்.

நிப்பாட்டினன். ஊரிலை பாமசியிலை நாலஞ்சு குளிசை வெட்டித் தருவாங்கள். காய்ச்சல் விட்டால் மிச்சம் அலுமாரிக்குள்ளை. எல்லாரும் அப்பிடித்தானே. மிச்சத்தைச் சீலைத்துண்டிலை சுத்தி வைச்சன், ஊரிலை இருக்கிற உன்ரை சித்திக்கு அனுப்ப. ஆஸ்பத்திரியிலை மருந்தில்லை எண்டு எழுதினவள். ஊரடங்குக்குள்ளை உனக்குக் காய்ச்சல் ஏறி நீ எங்களை விட்டுப் போகேக்கை அம்மா என்னட்டை ஒரு குளிசை இல்லை. அவளின்ரை பிள்ளையளுக்கெண்டாலும் இருக்கட்டும்.

அழுகை வரேல்லை. சட்டி கழுவினன். பல்ப் மறந்துபோச்சு.

மாசி 17. திங்கள்.

திரும்பக் காய்ச்சல். மூச்சு எடுக்க விலாவிலை குத்துது.

அக்கா தேத்தண்ணி போட வந்தவ, பொட்டலத்தைக் கண்டிட்டா.

"இதென்ன, சீதனத்துக்குச் சேர்க்கிறீரோ?"

சொன்னன். பிறகு பிடிச்சு ஏசினா. "காய்ச்சல் விட்டாலும் கிருமி உள்ளுக்குக் கிடக்குமெண்டு டொக்டர் அண்டைக்கே சொன்னவரெல்லோ. என்ன வருத்தமெண்டு பாராமல் பெரியாக்களின்ரை குளிசையைச் சின்னனுகளுக்குக் குடுக்கிறதோ? தடிமன், மூக்கொழுகலுக்கும் குடுப்பாள் உம்மடை தங்கச்சி. அதுக்கு இது கேக்கவும் கேளாது."

"நான் கிடந்து செத்தால் சாகிறன்" எண்டன்.

"விசர்க் கதை கதையாதையும். சப்பாத்தைப் போடும், எழும்பும்."

எழும்பினன்.

மாசி 18. செவ்வாய்.

நேற்று நெஞ்சைப் படம் எடுத்தவை. டொக்டர் ஏசேல்லை. புதுப் போத்தில், முதல்லை இருந்து. மூச்சு முட்டினால் இரவெண்டாலும் ஆஸ்பத்திரிக்கு வரட்டாம். பொட்டலத்தை அக்கா பாமசியிலை திருப்பிக் குடுத்திட்டா. நான் பாத்துக்கொண்டு நிண்டன்.

அப்பா அடுப்படி வாசல்லை நிண்டார். "போட்டிட்டீரோ?" "ஓம்." உன்ரை பேரை அவர் எடுக்கிறேல்லை, நானும் இல்லை.

பெரிய குளிசை. தண்ணியோடையும் தொண்டையிலை நிண்டுதான் இறங்குது. போடுறன் குஞ்சு, முடியுமட்டும் போடுறன். உனக்கெண்டால் பாணி மருந்து தந்திருப்பினம். கரண்டியாலை பருக்கியிருப்பன். ஒவ்வொரு தரமும் நினைக்கிறன்.

அடம்பிடிக்காமல் வாயைத் திறந்திருப்பியோ, அம்மாவுக்கு?