எட்டாவது பக்கம்

நியூ டவுன்
4 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். சர்ச்சின் ஞானஸ்நானத் தொட்டியில் 'உபயம்: பெத்துராஜ், ஹவுரா' என்று வெட்டியிருக்கிற படம் வந்தது. எதை உபயம் செய்தீர்கள்? அந்தத் தொட்டி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தபோது உங்கள் தாத்தாவே பிறக்கவில்லை. அடியில் பூசின சிமெண்டுக்கா பெயர்?

பழைய கல்லைச் சீர்செய்வதுதான் என் வேலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு பக்கத்தில் லில்லிப்பூ இருக்கிறது, எட்டாவது பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று கமிட்டியில் சொன்னீர்களாம். அந்தப் பக்கம் முழுக்க உளியால் சாய்த்து இழுத்த மெல்லிய கோடுகள் அப்பா, அத்தனையும் கைவேலை. செதுக்கியவர் தன் பெயரைப் போடவில்லை. கீழ்மூலையில் தன் அடையாளமாகச் சின்னதாக ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். கல்லறைக்குக் கல்வெட்டுகிற மெஷின் அதையும் தின்றுவிட்டது.

அந்தத் தொட்டியில் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. நாங்கள் வரமாட்டோம்.

சுகந்தி

ஹவுரா
9 நவம்பர் 2024

கர்த்தருக்குள் பிரியமான மகள் சுகந்திக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் படித்து பிரஷர் ஏறிவிட்டது. ஃபேனில், பெஞ்சில், மணியில், எல்லாவற்றிலும் யார் யார் பெயரோ இருக்கிறது. அத்தனையையும் துடைத்தவன் நான். என் பெயர் எங்கே இருக்கிறது? சபையில் பாதிப்பேர் சென்னைக்குப் போய்விட்டார்கள். நாளைக்கு நான் போனால், பெத்துராஜ் என்று ஒருவன் இருந்தான் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நீயா? இதே ஊரில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறாய்.

யாரோ வெள்ளைக்காரன் போட்ட அம்புக்குறிக்கு அழுகிறாய். பெற்றவன் பெயர் உனக்கு அழுக்கு.

24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. மரியாதையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்.

அப்பா

நியூ டவுன்
25 நவம்பர் 2024

அப்பா,

நேற்று சாயங்காலம் வீட்டிலேயே ஞானஸ்நானம் முடிந்தது. பாஸ்டரை வரச்சொன்னது நான்தான், அவரைக் கோபிக்காதீர்கள். காலையில் நீங்கள் சர்ச் வாசலில் பிரியாணி அண்டாவோடு காத்திருந்ததாகச் சொன்னார். வரமாட்டேன் என்று எழுதிய பிறகும் காத்திருந்தது உங்கள் பிடிவாதம்.

கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த எவர்சில்வர் பேசினில்தான் தண்ணீர் வைத்தோம். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது என்றுதான் கல்தொட்டியின் துவாரத்தை நேரே மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். பதினோராம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? மாமியாரின் துளசிச்செடியில் ஊற்றக் கவிழ்த்தேன். அடியில் புள்ளிப் புள்ளியாக 'பெத்துராஜ், ஹவுரா.' உங்கள் மாப்பிள்ளை கௌசிக் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

கல்லில் வெட்டியதை இனி எடுக்க முடியாது. சுரண்டினால் மிச்சமும் போய்விடும். இருக்கட்டும். அதைப் பார்க்க நான் வரமாட்டேன். பிள்ளையைப் பார்க்க நீங்கள் வாருங்கள்.

அவன் பெயர் பெத்துராஜ். பிறந்த அன்றே முடிவு செய்தது. அந்தத் தொட்டி முன்னால் பாஸ்டர் வாயால் சொல்லும்போதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று இத்தனை நாள் மறைத்துவைத்திருந்தேன். கெடுத்துவிட்டீர்கள்.

சுகந்தி