ஆறு வேளைத் தொலைவு

உத்திரமேரூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இர்பானாவுக்கு,

உன்மீது அமைதியும் இறையருளும் நிலவுக. இங்கே ஏரி நிரம்பி மதகு திறந்துவிட்டார்கள், வீட்டில் இருவரும் நடமாடுகிறோம். நாற்பதாண்டுகளாக மேடையேறி, ‘கேளுங்கள் தோழர்களே’ என்று ஊர்க்குறைகளை முழங்கியவன், இன்று உன் ஒருத்தியிடம் ஒரு குறை சொல்கிறேன், கேள் மகளே. சென்ற வாரம் தொலைபேசியில், “ஒரே நாள்ல வந்துடலாம் அத்தா, அது ஒரு தூரமா?” என்றாய். அந்தச் சொல்தான் என் குறை.

துணிக்கடை அப்துல் பாசித் செவ்வாய் விடியலில் காலமானார். அவர் மகன் அஸ்லமும் உன் டொரண்டோவில்தான் வேலை பார்க்கிறான். செய்தி கேட்டதும் புறப்பட்டான். நம் வழக்கம் நீ அறிவாய், அன்று மாலைத் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டோம். மறுநாள் மாலை பெட்டியுடன் நேரே அடக்கத்தலத்துக்கு வந்தவன், ஈரமண் அருகே நின்று, “ஏறனதுலேர்ந்து முன்சீட்டு மேப்பயே பாத்துகினு வந்தேன் மாமு, இன்னும் இவ்ளோ தூரம்னு காட்டிகினே இருந்துச்சு” என்றான். அவன் கையிலிருந்த பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் உன் அம்மா, “நம்ம இர்பானா கெளம்பி வூடு வந்து சேர எத்தினி வக்துங்க?” என்று கேட்டாள். அவள் தொலைவைத் தொழுகை வேளைகளால்தான் அளப்பாள். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், பறப்பதும் இடையில் விமானம் மாறுவதும் இருபத்தொரு மணி, அங்கே காத்திருப்பு, இங்கே மீனம்பாக்கத்திலிருந்து சாலைப் பயணம், எல்லாம் கூட்டி ஆறு வேளை என்றேன். “ஊருக்கே கேக்கறாப்ல பேசுவீங்களே, இப்ப இன்னா கொரலே வரல?” என்று சிரித்தாள். பிறகு விரற்கணுக்களில் எண்ணினாள், ஆறாம் கணுவில் நிறுத்தி, “அப்ப என்னெ வச்சிகினு காத்துகினு இருக்க வோணாம்னு ஜமாத்துல சொல்லிடுங்க” என்றாள். அடுத்த நொடியே வெண்டைக்காய் முற்றல் என்று காய்க்காரியைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

இனி மறைக்கமாட்டேன். உன் அம்மா சைனம்புவுக்கு இதயத்தில் அடைப்பு. அடுத்த மாதம் பத்தாம் நாள் காஞ்சிபுரத்தில் அறுவை மருத்துவம். அஞ்ச வேண்டியதில்லை என்றே மருத்துவர் சொல்கிறார், நானும் அஞ்சவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாதென்று சைனம்பு என்னிடம் உறுதி வாங்கியிருந்தாள். வாழ்வில் நான் மீறிய முதல் உறுதி இதுவே.

‘வருவேன்’ என்று எழுதாதே, மூன்றாண்டுகளாக அதைத்தான் எழுதுகிறாய். இக்கடிதத்தை மடிக்குமுன் பயணச்சீட்டு எடு. பத்தாம் நாளுக்கு முன்னே வா. அவள் கண் திறந்து உன்னைப் பார்க்கும்போது வா. எந்த நாள், எந்த விமானம் என்பது மட்டுமே எனக்கு வேண்டிய விடை.

வேளைக்கு உண். குளிருக்குக் காதை மூடிக்கொள். இறைவன் உன் வழியைக் காக்கட்டும். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை மறவாதே, கால் சில்லிடுகிறது என்கிறாள்.

வாயிலில் நிற்கும் உன் அத்தா,
முகம்மது கௌஸ்