டோரீன் தொலைக்காத பால்ரஸ் குண்டு

கிளைவ்,

ராதர்ஹாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

என் அப்பாவின் கை டிரில்லைப் பிரித்து, அதற்குள் உருளும் கடுகளவு பால்ரஸ் குண்டைத் தொலைத்தது நீ. "நீதான் பெருக்கித் தள்ளியிருப்பே!" என்று மூன்று நாளாக என் உயிரை வாங்கியதும் நீ. நேற்று குப்பைத்தொட்டியையே கூடத்தில் கவிழ்த்து என்னைக் கிளற வைத்தாய். அப்பா டிரில்லைப் பிரித்தால் தட்டில் துணி விரித்துக்கொள்வார். நீ அதை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே கிரிக்கெட் பார்த்தாய்.

இன்று துவைக்க எடுத்த உன் கால்சட்டையின் கீழ்மடிப்பிலிருந்து குண்டு உருண்டு விழுந்தது.

குண்டை உள்ளே வைத்து டிரில்லை நானே மறுபடி பூட்டிவிட்டேன். அருமையாகச் சுற்றுகிறது. இனி அதைத் தொட்டால் தெரியும் சேதி.

ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடு.

டோரீன்

பி.கு.: கூடத்துக் குப்பை அப்படியே கிடக்கிறது. துடைப்பம் உன் நாற்காலிமேல் இருக்கிறது. இப்போது நீ பெருக்கித் தள்ளு.